கோபுரம் விழலாம், குரல் விழலாமா?

துன்பம் வந்துற்ற வேளையில் மனிதன் முதலில் தேடுவது எது? நீர் என்பார் சிலர். உணவு என்பார் சிலர். தலைக்கு மேல் ஒரு கூரை என்பாரும் உளர். மூன்றும் மெய்யே. எனினும், புயலிலோ வெள்ளத்திலோ போரிலோ அகப்பட்டு மீண்டவர்கள் கூறுவனவற்றைச் செவிசாய்த்துக் கேட்போமாயின், இம்மூன்றுக்கும் முன்னே வேறொரு பசி அவர்களை வாட்டியதை அறியலாம். என்ன நடந்துவிட்டது? இனி என்ன நடக்கும்? பிரிந்த மக்கள் எங்கே? எந்தத் திசையில் நடந்தால் உயிர் தப்பலாம்? இவ்வினாக்களுக்கு விடை கிடைத்த பின்னரே மனிதன் நீர் இருக்கும் இடம் நோக்கி நடக்கிறான். விடை கிடைக்காதவன், நீர் அருகிலேயே இருந்தும் அறியாது மடிகிறான்.

அவ்விடையை ஒரே கணத்தில் நூறாயிரம் வீடுகளுக்குக் கொண்டு சேர்க்கும் கருவிகளாக இருபதாம் நூற்றாண்டு நமக்கு வழங்கியவை வானொலியும் தொலைக்காட்சியும் ஆகும். நம் குடும்பங்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. பெருநாள் பிறை தென்பட்டதா என அறிய, முன்னிரவில் வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்து காத்திருந்த தலைமுறைகள் நம்மிடையே உண்டு. கடல் கடந்து வந்த இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்தோரும் பலர். முகம் காணாத ஒருவரின் குரலை நம்பி ஓர் ஊரே நோன்பை நிறைவு செய்கிறது என்றால், அக்குரலின்பால் மக்கள் வைத்த நம்பிக்கை எத்துணைப் பெரியது! அந்நம்பிக்கையை நாம் அமானிதம் என்றே அழைக்கலாம்.

ஆனால், இந்தப் பெரிய அமானிதம் நிற்பதோ மிக மெல்லிய கால்களின் மீது. ஓர் இரும்புக் கோபுரம், அதன் உச்சியில் ஓர் அலைவாங்கி, அடியில் ஓர் ஒலிபரப்பி, மின்சாரம் நின்றால் ஓட ஒரு டீசல் எஞ்சின், உள்ளே உயிருள்ள மனிதர் சிலர், அவ்வளவே. இவற்றுள் ஒன்று கெட்டாலும் குரல் நின்றுவிடும். இயற்கை அதை வீழ்த்தலாம், பகைவனும் வீழ்த்தலாம். அதைக் காக்கும் கடமை யாருடையது? பகைவரின் நிலையத்தை இடிப்பது அறமாகுமா? அது பொய்யுரைத்தால் என் செய்வது? அதைக் காக்க மனித உயிரைப் பணயம் வைக்கலாமா? இவை பொறியாளர்கள் மட்டும் விடை கூறி முடிக்கத்தக்க வினாக்கள் அல்ல; அறம் பற்றிய வினாக்கள். ஆதலின் நாமும் இவற்றை ஆராய்தல் தகும்.

கைபேசிக் காலத்திலுமா?

'ஒவ்வொருவர் கையிலும் பேசி இருக்கும் இந்நாளில் வானொலிக் கோபுரம் எதற்கு?' என்று இளைஞர் கேட்கக்கூடும். 2017 செப்டம்பர் 20-ஆம் நாள் மரியா என்னும் சூறாவளி கரீபியக் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவைத் தாக்கியது. தீவு முழுவதும் இருள் சூழ்ந்தது. கைபேசிக் கோபுரங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து செயலிழந்தன. விலை மிகுந்த கைபேசிகள் வெறும் கண்ணாடித் துண்டுகளாயின. அவ்வேளையில் 'வாப்பா' என்னும் வானொலி நிலையம் இடைவிடாது ஒலித்தது. மக்கள் அந்நிலையத்தைத் தேடி நேரில் வந்தனர். தம் உறவினர்க்குத் தாம் உயிருடன் இருப்பதை அதன் வாயிலாகத் தெரிவித்தனர்.

இதன் காரணம் எளியது. கைபேசி பேசவேண்டுமாயின், ஊருக்கு ஊர் நிற்கும் கோபுரங்கள் எல்லாம் உயிரோடிருக்க வேண்டும். அவற்றை இணைக்கும் கம்பிகளும் அறுபடாமல் இருக்க வேண்டும். கோபுரத்தடியில் வைத்த பாட்டரியோ சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். வானொலிக்கு அவ்வாறன்று. எங்கோ தொலைவில் ஒரே ஒரு கோபுரம் நின்றால் போதும். மத்திய அலையில் அது பல நூறு ஊர்களுக்குக் கேட்கும். கேட்பவனுக்கு வேண்டியது ஒரு சிறு டிரான்சிஸ்டரும் இரண்டு பாட்டரிகளுமே. ஆகவே, பழையது என்று நாம் ஒதுக்கி வைத்த பெட்டி, பேரிடர் நாளில் புதியனவற்றையெல்லாம் வென்று நிற்கிறது.

குரல் இருந்தும் சொல் இல்லாத நாள்

கோபுரத்தைக் காத்துவிட்டால் கடமை முடிந்ததா? இல்லை என்பதற்கு வரலாறு இரு சான்றுகள் தருகிறது.

1970 நவம்பரில் வங்காள விரிகுடாவில் எழுந்த புயல், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் போலா முதலிய தீவுகளை விழுங்கியது. மாண்டவர் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. அன்று வானொலி ஊமையாக இருக்கவில்லை. புயல் வருகிறது என்னும் செய்தி பலரையும் எட்டியே இருந்தது. ஆயினும், வீட்டை விட்டுப் பெயர்ந்தவர் மிகச் சிலர். எச்சரிக்கை எத்துணைக் கொடிய அலையைக் குறிக்கிறது என்பது ஏழை மீனவனுக்கும் உழவனுக்கும் விளங்கவில்லை; விளங்கினும், ஓடிச் சென்று ஒதுங்க அவனுக்கு ஓர் உயர்ந்த கட்டடம் இல்லை.

2004 டிசம்பர் 26 நம் கரையின் துயர நாள். சுமத்திராவுக்கு அருகே கடலடி நிலம் நடுங்கியது நம் நேரப்படி காலை ஆறரை மணியளவில். ஆழிப்பேரலை தமிழகக் கரையை வந்தடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் வானொலி நிலையங்கள் இயங்கின; தொலைக்காட்சிகள் ஒளிர்ந்தன. கோபுரங்கள் நின்றன, மின்சாரம் இருந்தது, சொல்லத்தான் சொல் இல்லை. கடலின் அடியில் நடந்ததை அறிந்து, அதன் பொருளை உணர்ந்து, அறிவிப்பவரின் மேசைக்குக் கொண்டு சேர்க்கும் ஏற்பாடு அன்று இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. தமிழகத்தில் ஏறத்தாழ எட்டாயிரம் உயிர்கள் அவ்வாறு போயின. நாகப்பட்டினம் தொடங்கி எத்தனை ஊர்களின் அடக்கத்தலங்கள் அந்நாளின் கணக்கை இன்றும் சுமந்து நிற்கின்றன!

இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஒலிபரப்பு என்பது ஒரு சங்கிலி. அறிபவர், அறிவிப்பவர், கோபுரம், கேட்பவர், கேட்டவர் ஒதுங்கும் இடம் என அதன் கண்ணிகள் ஐந்து. எந்தக் கண்ணி அறுந்தாலும் இழப்பு ஒன்றே. வங்க தேசத்தார் இப்பாடத்தைக் கண்ணீரால் கற்றனர். 1970-க்குப் பின் அவர்கள் தொடங்கிய புயல் தயார்நிலைத் திட்டத்தில் இன்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர் உளர். அவர்கள் வானொலிச் செய்தியைக் கேட்டு, கொடி ஏற்றி, கைவிசைச் சங்கு சுழற்றி, வீடு வீடாகச் சென்று அழைக்கின்றனர். பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகளும் அப்பணிக்கு உதவுகின்றன. 1991 புயலில் ஓர் இலட்சத்து முப்பத்தெட்டாயிரம் பேர் மாண்ட அந்நாட்டில், 2007-இல் வந்த கொடிய சித்ர் புயலில் மாண்டோர் சில ஆயிரம் பேர். புகலிடங்களும் கரையணைகளும் இதற்குத் துணை நின்றன என்பது மெய்; ஆனால், புகலிடத்துக்கு அழைக்கும் குரல் இல்லையேல் அவை வெறுங் கட்டடங்களாகவே நின்றிருக்கும்.

பகைவனின் கோபுரம்

இயற்கை இடிக்கும்போது நாம் அழுகிறோம். மனிதன் இடிக்கும்போது அவன் காரணம் கூறுகிறான். அக்காரணங்களை நாம் எடைபோட வேண்டும்.

1940 அக்டோபர் 15-ஆம் நாள் இரவு, இலண்டனில் உள்ள பிபிசி தலைமையகத்தில் ஜெர்மானியக் குண்டு ஒன்று வீழ்ந்து வெடித்தது. ஊழியர் எழுவர் மாண்டனர். ஒன்பது மணிச் செய்தியை வாசித்துக்கொண்டிருந்தவர் ஒரு கணம் நிறுத்தி, மீண்டும் வாசிப்பைத் தொடர்ந்தார். அப்போரின் தொடக்கத்திலேயே அந்நிறுவனம் தன் பிரிவுகள் சிலவற்றைத் தலைநகருக்கு வெளியே பெயர்த்து வைத்திருந்தது. மற்றொன்றும் செய்தது. வானொலி அலையைப் பிடித்துக்கொண்டே பகை விமானம் வழி கண்டு வரக்கூடும். அதனைத் தடுக்க, பல ஊர்களின் ஒலிபரப்பிகளை ஒரே அலைவரிசையில் ஒத்திசையச் செய்தனர்; எந்தக் கோபுரத்திலிருந்து அலை வருகிறது என்பது விமானிக்குப் புலப்படாமற் போயிற்று. குரலை நிறுத்தவில்லை, குரலின் இருப்பிடத்தை மறைத்தனர். பாதுகாப்பு என்பதற்கு இதனினும் நல்ல விளக்கம் வேண்டுவதில்லை.

1999 ஏப்ரல் 23-ஆம் நாள் பின்னிரவில் நேட்டோ படைகள் பெல்கிரேடு நகரிலுள்ள செர்பிய அரசுத் தொலைக்காட்சி நிலையத்தைக் குண்டு வீசித் தகர்த்தன. இரவுப் பணியிலிருந்த ஊழியர் பதினாறு பேர் உயிர் நீத்தனர். 'அது பொய்ப் பிரச்சாரத்தின் வாய். படைகளின் செய்தித் தொடர்புக்கும் அது பயன்பட்டது' என்பது தாக்கியவர் கூற்று. அந்நிலையம் உண்மையே பேசிற்று என்று நாம் வாதிட வரவில்லை. ஆனால், சில மணி நேரத்துக்குள் ஒளிபரப்பு மீண்டும் தொடங்கிவிட்டது. பதினாறு உயிர்களின் விலைக்குக் கிடைத்தது சில மணி நேர அமைதி! முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான அனைத்துலகக் குற்றத் தீர்ப்பாயத்தின் வழக்குரைஞர் அமைத்த குழு 2000-இல் இதனை ஆய்ந்து, வழக்குத் தொடர வேண்டுவதில்லை எனப் பரிந்துரைத்தது. எனினும், பிரச்சாரம் ஒன்றே காரணமாயின் அத்தாக்குதலின் சட்டநிலை ஐயத்துக்குரியது என்பதையும் அக்குழு மறைக்கவில்லை. அந்நிலையத்துக்கு அருகே நிற்கும் நினைவுக்கல்லில் பொறித்த சொல், 'ஏன்?' என்பதாகும்.

அந்த வினா பெல்கிரேடோடு நின்றுவிடவில்லை. 2007 நவம்பரில் கிளிநொச்சியில் இருந்த புலிகளின் குரல் வானொலி நிலையம் விமானத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. ஊழியர் சிலர் மாண்டனர். யுனெஸ்கோவின் தலைமை இயக்குநர் கண்டனம் தெரிவித்தார். 2021 மே 15-ஆம் நாள், காஸாவில் அல்ஜஸீராவும் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனமும் பணியாற்றிய மாடிக் கட்டடத்தை இஸ்ரேல் தகர்த்தது. 2022 மார்ச் 1-ஆம் நாள் கீவ் நகரின் 385 மீட்டர் உயரமுள்ள தொலைக்காட்சிக் கோபுரத்தை ரஷியா தாக்கியதில் ஐவர் உயிரிழந்தனர். 2024 ஏப்ரலில் கார்கிவ் கோபுரத்தின் மேற்பகுதி முறிந்து வீழ்ந்தது. 2025 ஜூன் 16-ஆம் நாள் தெஹ்ரானில் அரசுத் தொலைக்காட்சி நேரலையில் இருக்கும்போதே இஸ்ரேலியத் தாக்குதலுக்கு ஆளாயிற்று. தாக்கியோர் வெவ்வேறு கொடியினர். கூறிய காரணங்களோ உடன்பிறந்தவை. நமக்கு வேண்டியவர் தாக்கினால் நியாயம், வேண்டாதவர் தாக்கினால் அநியாயம் என்று நாம் பேசுவோமாயின், நம் கையில் இருப்பது துலாக்கோல் அன்று, வெறுங் கோல்.

சட்டம் என்ன கூறுகிறது? 1977-இல் ஜெனீவா உடன்படிக்கைகளுடன் சேர்க்கப்பட்ட முதலாவது நெறிமுறை, படைத்துறை சாராத பொருள்களைத் தாக்கலாகாது என்கிறது. 2006 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் நிறைவேற்றிய 1738-ஆம் தீர்மானம், செய்தித் துறையின் கருவிகளும் நிலையங்களும் பொதுமக்கள் உடைமைகளே என்று தெளிவாக்கியது. படைத்துறை இலக்காக மாறினாலன்றி அவற்றைத் தாக்குதல் கூடாது என்றது. இந்த 'அன்றி' என்னும் சொல்லின் இடுக்கில்தான் எல்லாக் குண்டுகளும் நுழைகின்றன.

ஆதலின் இருபுறத்தார்க்கும் கடமை உண்டு. தன் படைகளின் செய்திக் கருவியை மக்களின் கோபுரத்தில் பொருத்தும் அரசு, மருத்துவமனைக் கூரையில் பீரங்கியை ஏற்றுவதற்கு ஒப்பான பாவத்தைத் தன் மக்களுக்கே இழைக்கிறது. மறுபுறம், பொய் பேசுகிறது என்பதற்காகவே கோபுரத்தை இடிப்பவர், ஒன்றை மறந்துவிடுகின்றனர். ஒன்பது மணிக்குப் பொய்யுரைத்த அதே கோபுரந்தான், பத்து மணிக்கு எந்தத் தெருவில் குடிநீர் கிடைக்கும் என்றும் ஒரு தாய்க்கு அறிவிக்கிறது. பொய்க்கு மாற்று மெய், குண்டு அன்று. பொய்யே இலக்காகுமாயின், உலகில் எந்த அரசின் நிலையந்தான் மிஞ்சும்?

கொலை செய்த வானொலி

இவ்விடத்தில் நம் வாதத்துக்கு ஒரு கடுஞ்சோதனை வருகிறது. அதைத் தவிர்த்துச் செல்வது நேர்மையாகாது. ஆப்பிரிக்காவின் ருவாண்டா நாட்டில் 1993-இல் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். வானொலி, துட்சி மக்களைக் கரப்பான் பூச்சிகள் என்று இகழ்ந்தது. 1994 ஏப்ரலில் இனக்கொலை மூண்டபோது, வேட்டையாடப்பட வேண்டியோரின் பெயர்களையும் அவர்கள் ஒளிந்த இடங்களையும் ஒலிபரப்பியது. ஏறத்தாழ நூறு நாட்களில் மாண்டவர் எட்டு இலட்சம் பேர் எனப்படுகிறது. அந்த வானொலியின் அலைகளை இடைமறித்து முடக்கலாமா என்று அமெரிக்க அரசு ஆராய்ந்தது. சட்டச் சிக்கலும் செலவும் காட்டிக் கைவிட்டது. உலகம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவ்வானொலியும் பேசிக்கொண்டே இருந்தது.

'எல்லா ஒலிபரப்பும் காக்கப்பட வேண்டும்' என்று நாம் கூறினால், இதையுமா காப்போம்? இல்லை. பொய்யுரைப்பது வேறு, 'இன்னாரைக் கொல், அவர் இன்ன இடத்தில் இருக்கிறார்' என்று ஆணையிடுவது வேறு. முன்னது நாவின் குற்றம். பின்னது கொலையின் ஓர் உறுப்பு. 2003-இல் அனைத்துலக நீதிமன்றம் அவ்வானொலியை நிறுவியோர் இருவரையும் இதழாசிரியர் ஒருவரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2007 மேல்முறையீட்டில் தண்டனைகள் குறைந்தபோதிலும், ஒலிபரப்பின் வழியே இனக்கொலையைத் தூண்டுதல் குற்றமே என்பது நிலைத்தது.

எனினும், அங்கும் முதல் மருந்து குண்டன்று. அலையை இடைமறிக்கலாம், மின்சாரத்தைத் துண்டிக்கலாம், அதே அலைவரிசையில் மறுகுரல் எழுப்பலாம். உள்ளே தேநீர் கொண்டு வரும் சிறுவனும் இரவுப் பணிப் பொறியாளனும் மாளாமல் குரலை நிறுத்த வழியிருக்கும்போது, அவர்களையும் சேர்த்து மாய்ப்பவன் நீதியின் பெயரால் பேச உரிமை இழக்கிறான். ருவாண்டா நமக்குக் கற்பிப்பது, நிலையங்களை இடிக்கலாம் என்பதையன்று. கொல்லாமல் தடுக்கக்கூடிய வேளையில் வாளாவிருந்தோர்க்கும் அக்குருதியில் பங்குண்டு என்பதையே.

குரலும் உயிரும்

நிலையத்தைக் காப்பது பற்றிப் பேசுவோர், உள்ளிருக்கும் மனிதரைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். 2011 மார்ச் 11-ஆம் நாள் ஜப்பானின் மினாமிசன்ரிக்கு நகரில், நகராட்சியின் இளம்பெண் ஊழியர் ஒருவர் ஊர் ஒலிபெருக்கிகளின் வழியே 'உயரமான இடத்துக்கு ஓடுங்கள்' என்று அழைத்துக்கொண்டே இருந்தார். அலை அவர் இருந்த கட்டடத்தையும் மூழ்கடித்தது, அவரும் மாண்டார். அவர் குரல் கேட்டுப் பிழைத்தோர் பலர். உலகம் அவரைப் போற்றியது; போற்றத்தான் வேண்டும்.

இதனுடன் பெல்கிரேடை ஒப்பிட்டுப் பார்ப்போம். தாக்குதல் வரக்கூடும் என்று தெரிந்திருந்தும் ஊழியரை வெளியேற்றவில்லை என்பதற்காக, அந்நிலையத் தலைவருக்குச் செர்பிய நீதிமன்றமே 2002-இல் ஏறத்தாழப் பத்து ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. இரு நிகழ்ச்சிகளிலும் ஊழியர் தம் இருக்கையில் இருந்தவாறே மாண்டனர். வேறுபாடு யாது? ஒன்றில், ஊர் மக்களைக் காக்கும் பணியில் உயிர் ஈந்தனர். மற்றொன்றில், மேலவர் ஒருவரின் அலட்சியத்தாலோ கணக்காலோ பிறர் உயிர் ஈடு வைக்கப்பட்டது. தன்னுயிரைத் தருவது தியாகம். பிறனுயிரைத் தான் எடுத்துத் தருவது தியாகமாகாது.

ஆயினும், தியாகத்தைப் போற்றுவதோடு நாம் நிறைவடைதல் தகாது. அப்பெண்ணின் ஒலிபெருக்கியை மலைமேல் உள்ள ஓர் அறையிலிருந்து இயக்க முடிந்திருந்தால் அவரும் பிழைத்திருப்பாரன்றோ? வீரரைப் புகழ்ந்து கல் நாட்டும் சமுதாயம், அடுத்த வீரர் சாகத் தேவையில்லாதவாறு ஏற்பாடு செய்யும்போதே தன் நன்றிக்கடனைத் தீர்க்கிறது.

மீட்பது எவ்வாறு?

வீழ்ந்ததை எழுப்புவதிலும் அறம் உண்டு. ஜப்பானியர் இதிலும் நமக்கு முன்மாதிரி. பேரிடர் நேர்ந்த ஊராட்சி, தற்காலிகப் பண்பலை நிலையம் ஒன்றைத் தொடங்க விரும்பினால், தொலைபேசியில் வாய்மொழியாகக் கேட்டே உரிமம் பெறலாம். தாள்களும் முத்திரைகளும் பிறகு வரும். 2011 பேரிடரின்பின் முப்பது நிலையங்கள் வரை இவ்வாறு எழுந்தன. சிறு பெட்டியில் அடங்கும் ஒலிபரப்பியும் ஒரு கம்பமும் போதும். எந்தப் பள்ளியில் உணவு, எந்த வழி திறந்தது, யார் யாரைத் தேடுகின்றனர் என்பதை ஓர் ஊர்க்குச் சொல்லிவிடலாம். 1998-இல் தம்பெரே நகரில் உருவான உடன்படிக்கையும், நிவாரணத்துக்கான தொலைத்தொடர்புக் கருவிகள் சுங்கச் சாவடியில் தேங்காமல் எல்லை கடக்க வழி செய்கிறது. அது நடைமுறைக்கு வந்தது 2005 ஜனவரி 8-ஆம் நாள். ஆழிப்பேரலை அடித்த பதின்மூன்றாம் நாள்!

மற்றொரு நுட்பம் 1995 ஜனவரியில் கோபே நகரை நிலநடுக்கம் சிதைத்தபோது வெளிப்பட்டது. அந்நகரின் நாகத்தா வட்டாரத்தில் கொரியரும் வியட்நாமியரும் வாழ்ந்தனர். அவர்தம் மொழிகளில் செய்தி கூறச் சிறு நிலையங்கள் எழுந்தன. அவை பின்னர் ஒன்றிணைந்து எப்.எம். வை.வை. என்னும் நிலையமாயின. கோபுரம் நின்றும், விளங்கா மொழியில் பேசினால், சிறுபான்மையோர்க்கு அது வீழ்ந்த கோபுரமே. மீட்பு என்பது எல்லார் செவிக்கும் மீட்பதாக இருக்க வேண்டும்.

நம் பங்கு

இவையெல்லாம் அரசுகளின் கடமை என்று நாம் ஒதுங்கிவிடலாமா? சங்கிலியின் நான்காவது கண்ணி நாமே அன்றோ! கடலோர இல்லம் ஒவ்வொன்றிலும் ஒரு டிரான்சிஸ்டரும் மாற்றுப் பாட்டரிகளும் இருத்தல் பெருஞ்செலவன்று. ஊர்ப் பொது ஒலிபெருக்கிக்கு ஒரு ஜெனரேட்டரும், அதை வெள்ளம் எட்டாத உயரத்தில் வைக்க ஒரு மேடையும், மாதம் ஒருமுறை அதை இயக்கிப் பார்க்க ஒரு பொறுப்பாளரும் வேண்டும். தரைமட்டத்தில் வைத்த ஜெனரேட்டர், வெள்ளம் வந்ததும் முதலில் மூழ்குவது. தேவை எழும் வேளையில் இல்லாதொழிவது.

இவற்றினும் அரிய கடமை ஒன்றுண்டு. பேரிடர் நாளில் வதந்தி காற்றினும் விரைந்து பரவும். 'அணை உடைந்தது', 'மீண்டும் அலை வருகிறது' என்று ஆராயாமல் கைபேசியில் அனுப்பும் ஒவ்வொருவரும், ஒரு சிறு கோபுரத்தை இடிக்கின்றனர். பொய்யான இரண்டு எச்சரிக்கைகளைக் கேட்ட ஊர், மெய்யான மூன்றாவதை நம்புவதில்லை. இரும்புக் கோபுரம் ஒடிந்தால் ஒரு திங்களில் எழுப்பிவிடலாம். நம்பிக்கை ஒடிந்தால், அதை எழுப்பும் பொறியாளர் எங்கும் இல்லை.

கோபுரங்கள் விழலாம், அவை மனிதர் கட்டியவை. குரல் விழாதிருக்க, அறிபவர் விழித்திருக்க வேண்டும். அறிவிப்பவர் மெய்யுரைக்க வேண்டும். ஆள்பவர் அதைக் கேடயமாக்காதிருக்க வேண்டும். பகைவரும் அதைக் குறிவைக்காதிருக்க வேண்டும். கேட்பவர் அதைச் சிதைக்காமல் அடுத்தவர்க்குச் சேர்க்க வேண்டும். இவ்வைவருள் நம் கையில் இருப்பது கடைசி ஒன்றே. அதையேனும் நாம் பழுதின்றி நிறைவேற்றுவோமாக.